அயலூர்ப் பள்ளிவாசலும் உள்ளூர்ப் பள்ளிவாசலும்: பராக் ஒபாமாவின் முஸ்லிம் உலக உறவும் ஊடகச் சித்திரிப்பும், 2004–2017

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஆறு நாள் கழித்து, அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வாஷிங்டன் இஸ்லாமிய மையத்துக்குச் சென்று, இஸ்லாம் அமைதி மார்க்கம் என்று கேமராக்கள் முன் சொன்னார். அதே பள்ளிவாசலின் திறப்பு விழாவில், 1957 ஜூன் 28 அன்று, அதிபர் ஐசன்ஹோவர் பேசியிருக்கிறார். இருவருமே குடியரசுக் கட்சிக்காரர்கள். இருவருடைய மதத்தையும் யாரும் சந்தேகித்ததில்லை. புஷ்ஷுக்குப் பின் வந்த பராக் ஹுசைன் ஒபாமா, அதிபராக இருக்கும்போது ஓர் அமெரிக்கப் பள்ளிவாசலுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது 2016 பிப்ரவரி 3 அன்றுதான். பதவியேற்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் இஸ்தான்புல், கெய்ரோ, ஜகார்த்தா, கோலாலம்பூர் பள்ளிவாசல்களுக்கெல்லாம் போய் வந்திருந்தார்.

கடல் கடந்து போன கால் உள்ளூரில் ஏன் தயங்கியது? ஒபாமாவின் இயல்பான எச்சரிக்கை உணர்வு என்று சிலர் விளக்குவதுண்டு. அது பாதி உண்மை. இக்கட்டுரையின் வாதம் வேறு: ஒபாமா முஸ்லிம்களுடன் எவ்வளவு நெருங்கலாம், எங்கே வைத்து நெருங்கலாம் என்ற எல்லையை வகுத்ததில் அமெரிக்க ஊடகம் அவரைப் பற்றி வரைந்த படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் யார் என்ற கேள்வியிலேயே அந்தப் படம் தேங்கிக் கிடந்ததால், முஸ்லிம் நாடுகளில் அவர் என்ன செய்தார் என்பது அமெரிக்கப் பொது விவாதத்தில் பின்னுக்குப் போனது. முஸ்லிம் நாடுகளில் நடந்தது இதன் தலைகீழ். அங்கே தொடக்கத்தில் பெயரைப் பார்த்து மகிழ்ந்தார்கள். பிறகு செயலைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள்.

எட்வர்ட் சயீத் 1981-இல் வெளியிட்ட 'கவரிங் இஸ்லாம்' இத்துறையில் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய நூல். ஈரான் பிணைக்கைதி நெருக்கடிக் காலத்துச் செய்திகளை வைத்து, பல நாடு, பல மொழி, பல வாழ்க்கை கொண்ட கோடிக்கணக்கானோரை ஊடகம் எப்படி ஒற்றை அச்சுறுத்தலாகச் சுருக்குகிறது என்று அவர் காட்டினார். ஒபாமா விஷயத்தில் அந்தச் சுருக்கம் இன்னும் ஒரு படி போனது. அது தனிமனிதர் ஒருவரின் நடுப்பெயரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வதந்தி செய்தியான கதை

ஒபாமா 1961-இல் ஹொனலூலுவில் பிறந்தவர். தந்தை கென்யாக்காரர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் இறைநம்பிக்கையை விட்டவர். தாயின் இரண்டாம் கணவர் இந்தோனேசியர் என்பதால் 1967 முதல் 1971 வரை சிறுவன் ஒபாமா ஜகார்த்தாவில் வளர்ந்தான். முதலில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியிலும், அடுத்து மென்டெங் பகுதி அரசுப் பள்ளியிலும் படித்தான். சிகாகோவில் கிறிஸ்தவத் திருச்சபை ஒன்றில் சேர்ந்தது வளர்ந்த பிறகு. இவற்றில் எதுவும் ரகசியமில்லை. தன்வரலாற்று நூலில் அவரே எழுதியவைதாம்.

2004 ஜூலை 27 அன்று பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டு உரை அவரை ஒரே இரவில் நாடறிந்தவராக்கியது. இரண்டு வாரம் முடிவதற்குள், அவர் தம் முஸ்லிம் பின்னணியை மறைக்கிறார் என்ற அறிக்கை ஒன்று சுற்றத் தொடங்கிவிட்டது. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அது சங்கிலி மின்னஞ்சலாக மாறியது. அனுப்பியவர் பெயர் தெரியாது, வாங்கியவர் பத்துப் பேருக்கு அனுப்புவார்.

மின்னஞ்சலிலிருந்து தொலைக்காட்சித் திரைக்கு அது ஏறிய நாளைத் துல்லியமாகவே சொல்லலாம். 2007 ஜனவரியில், 'வாஷிங்டன் டைம்ஸ்' குழுமத்தைச் சேர்ந்த 'இன்சைட்' என்ற இணைய இதழ், ஒபாமா இந்தோனேசியாவில் மதரஸாவில் படித்ததை, அதிபர் வேட்பாளர் போட்டியில் அவருக்கு எதிராக நின்ற ஹிலாரி கிளின்டன் தரப்பு தோண்டிக்கொண்டிருக்கிறது என்று பெயர் சொல்லாத வட்டாரங்களை மேற்கோள் காட்டி எழுதியது. கிளின்டன் தரப்பு மறுத்தது. ஆனால் ஜனவரி 19 அன்று ஃபாக்ஸ் நியூஸின் காலை நிகழ்ச்சி அதை எடுத்துப் பேசிவிட்டது. மூன்று நாள் கழித்து சி.என்.என். செய்தியாளர் ஒருவர் அந்த ஜகார்த்தா பள்ளிக்கே நேரில் போனார். சீருடையில் ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள், பல மதத்து மாணவர்கள், சாதாரண அரசுப் பாடத்திட்டம். பாகிஸ்தானில் மதரஸாக்களைப் பார்த்திருக்கிறேன், இது அப்படிப்பட்ட இடமே அல்ல என்றார் அவர். செய்தித் தொழிலின் இலக்கணப்படி விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதே ஜனவரியில் மின்னசோட்டாவின் கீத் எலிசன் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். சம்பிரதாயமான உறுதிமொழிக்கு அவர் பயன்படுத்தியது, ஒரு காலத்தில் தாமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமாயிருந்த குர்ஆன் பிரதி. சில மாதங்களில் மின்னஞ்சல்கள் அந்தக் குர்ஆனை எலிசன் கையிலிருந்து எடுத்து ஒபாமா கையில் வைத்துவிட்டன. 2008 பிப்ரவரியில் 'டிரட்ஜ் ரிப்போர்ட்' தளத்தில் ஒரு படம் வந்தது: 2006-இல் வடகிழக்குக் கென்யாவின் வஜீரில் சோமாலியப் பெரியவர்களின் தலைப்பாகையும் அங்கியும் அணிந்த ஒபாமா. விருந்தாளிக்கு ஊர்க்காரர்கள் செய்த மரியாதை அது. அமெரிக்கத் திரையில் அதுவே துப்புத் தடயம்போல் ஓடியது.

அதே ஆண்டு ஜூலையில் 'நியூ யார்க்கர்' இதழ் பாரி பிளிட் வரைந்த அட்டைப்படத்தை வெளியிட்டது. தலைப்பாகையும் அங்கியுமாக ஒபாமா, தோளில் துப்பாக்கியுடன் மனைவி மிஷேல், சுவரில் பின்லாடன் படம், கணப்படுப்பில் எரியும் அமெரிக்கக் கொடி. வதந்தியைக் கேலி செய்வதே நோக்கம் என்றது இதழ். நோக்கம் அதுதான், சந்தேகமில்லை. ஆனால் கேலி செய்வதற்காக வரைந்த படம், வதந்திக்கு அதுவரை இல்லாத ஒரு முழு உருவத்தைக் கொடுத்துவிட்டது.

ஒபாமாவின் தேர்தல் பிரசாரக் குழு எப்படிப் பதில் சொன்னது என்பதே நம் விவாதத்துக்கு முக்கியம். 2008 ஜூனில் வதந்திகளை மறுக்கவே ஓர் இணையதளம் திறந்தார்கள். ஒபாமா முஸ்லிம் அல்ல, ஒருபோதும் இருந்ததில்லை, பற்றுள்ள கிறிஸ்தவர் என்றது அது. உண்மையைச் சொல்வதில் குறை காண முடியாது. ஆனால் முஸ்லிமாக இருப்பதை அவதூறுப் பட்டியலில் சேர்த்துவிட்ட மறுப்பு அது. அதே மாதம் டெட்ராய்ட் கூட்டத்தில், மேடைக்குப் பின்னால் தொலைக்காட்சியில் தெரியும் இருக்கைகளில் உட்கார வந்த இரண்டு பெண்களைத் தன்னார்வலர்கள் தடுத்தார்கள். காரணம், தலையில் போட்டிருந்த முக்காடு. ஒபாமா இருவரிடமும் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். தன்னார்வலர்களுக்கு அப்படி யாரும் உத்தரவு போட்டிருக்க வேண்டியதில்லை. கேமரா எதைப் பார்த்தால் ஆபத்து என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

அக்டோபர் 10 அன்று மின்னசோட்டாவில் ஒரு பெண்மணி, ஒபாமா அரபுக்காரர் என்று சொன்னபோது, எதிர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, இல்லை, அவர் கண்ணியமான குடும்பஸ்தர் என்றார். நாடே மெக்கெய்னைப் பாராட்டியது. அரபுக்காரருக்கு எதிர்ச்சொல் குடும்பஸ்தரா என்று கேட்டவர்கள் குறைவு. ஒன்பது நாள் கழித்து, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஒபாமாவுக்கு ஆதரவை அறிவித்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டார்: அவர் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன? இராக்கில் உயிரிழந்து ஆர்லிங்டன் கல்லறையில் பிறைச் சின்னத்தின் கீழ் அடக்கமான இளம் அமெரிக்கப் படைவீரர் ஒருவரை அவர் நினைவுகூர்ந்தார். தேர்தல் காலம் முழுவதிலும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக ஒரு பெரிய அரசியல்வாதி தொலைக்காட்சியில் கேட்டது அப்போதுதான். கேட்டவர் வேட்பாளர் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

கெய்ரோ

பதவியேற்றதும் காட்சி மாறுகிறது. 2008 டிசம்பரில் பாக்தாத் செய்தியாளர் கூட்டத்தில் புஷ் மீது இராக்கியப் பத்திரிகையாளர் ஒருவர் இரண்டு காலணிகளையும் கழற்றி வீசியிருந்தார். அந்தச் சூழலில் ஒபாமா அதிபராகித் தொலைக்காட்சிக்குக் கொடுத்த முதல் முறையான நேர்காணல், அல் அரேபியா என்ற அரபு அலைவரிசைக்கு. என் குடும்பத்தில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், நான் முஸ்லிம் நாட்டில் வாழ்ந்திருக்கிறேன் என்று அதில் சொன்னார். ஆறு மாதம் முன்பு உள்நாட்டில் அடக்கி வாசித்த அதே தகவல்கள், வெளிநாட்டுப் பார்வையாளர் முன் தகுதிச் சான்றாக வந்தன. 2009 ஏப்ரல் 6 அன்று அங்காராவில், துருக்கி நாடாளுமன்றத்தில், அமெரிக்கா இஸ்லாத்தோடு போரில் இல்லை, ஒருபோதும் இருக்காது என்றார்.

ஜூன் 4 அன்று கெய்ரோ பல்கலைக்கழகக் குவிமாட மண்டபத்தில் ஆற்றிய உரைதான் உச்சம். அல் அஸ்ஹர் இஸ்லாமியக் கல்வி நிலையமும் சேர்ந்து அழைத்த நிகழ்ச்சி. முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அரங்கில் இருந்தார்கள். முந்தின நாளே பின்லாடனின் ஒலிப்பதிவு ஒன்றை அல் ஜசீரா ஒலிபரப்பியிருந்தது. ஒபாமாவின் பேச்சுக்கு அல் காய்தாவும் அஞ்சியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று தொடங்கி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பேசினார். வன்முறைத் தீவிரவாதம், இஸ்ரேல்–பாலஸ்தீனம், அணு ஆயுதம், ஜனநாயகம், மதச் சுதந்திரம், பெண்ணுரிமை, பொருளாதாரம் என ஏழு தலைப்புகள். சிறுவயதில் இந்தோனேசியாவில் கேட்ட பாங்கோசையை நினைவுகூர்ந்தார். குர்ஆன் வசனங்களை எடுத்துக்காட்டியபோது கைதட்டல். குடியேற்றங்கள் நிற்க வேண்டும் என்று இஸ்ரேலுக்குச் சொன்னார். எகிப்தை ஏறக்குறைய 28 ஆண்டுகளாக ஆண்டுகொண்டிருந்த முபாரக்கின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

உரையைப் படித்தவர்கள் அதன் நெசவைப் பாராட்டினார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அதைச் செய்தியாக்கிய விதம் இருவேறாகப் பிரிந்தது. அமெரிக்க வலதுசாரி ஊடகங்களுக்கு அது 'மன்னிப்புக் கேட்கும் சுற்றுப்பயண'த்தின் இன்னொரு நிறுத்தம். அந்த ஏப்ரலில் லண்டனில் சவூதி மன்னரைச் சந்தித்தபோது ஒபாமா குனிந்தாரா, குனியவில்லையா என்று காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அதே விவாத மேசைகள்தாம் கெய்ரோவையும் கையில் எடுத்தன. அரபு ஊடகங்களிலோ விவாதம் வேறு: சொன்னதைச் செய்வாரா?

பியூ ஆய்வு மையத்தின் 2009 கணக்கெடுப்பு இதற்கு நல்ல அளவுகோல். அமெரிக்கா மீது நல்லெண்ணம் கொண்டோர் இந்தோனேசியாவில் 37 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காட்டுக்கு ஒரே ஆண்டில் தாவினர். எகிப்தில் 22-லிருந்து 27 மட்டுமே. பாகிஸ்தானில் 19-லிருந்து 16 ஆக இறங்கியது. அடுத்த ஆண்டு எகிப்தில் அது 17. உரை நிகழ்ந்த நாட்டிலேயே ஓராண்டுக்குள் அதன் பலன் வற்றிவிட்டது. 'முஸ்லிம் உலகம்' என ஒரே முகவரிக்கு எழுதப்பட்ட கடிதத்தை ஜகார்த்தாவும் கெய்ரோவும் இஸ்லாமாபாத்தும் தனித்தனியாகப் பிரித்துப் படித்தன.

2010 கோடை

உள்நாட்டுக் கதையின் திருப்பம் 2010 ஆகஸ்ட். நியூ யார்க் பார்க் பிளேஸில், இடிந்த இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, தொழுகைக் கூடத்துடன் ஒரு சமூக மையம் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். 'கிரவுண்ட் ஸீரோ மசூதி' என்ற பெயரை ஊடகங்கள் ஒட்டிவிட்டன. அது கிரவுண்ட் ஸீரோவிலும் இல்லை, வெறும் மசூதியும் இல்லை. ஆகஸ்ட் 13 அன்று வெள்ளை மாளிகை இஃப்தார் விருந்தில், சட்டப்படி தனியார் நிலத்தில் வழிபாட்டிடம் கட்டும் உரிமை எல்லோரையும்போல் முஸ்லிம்களுக்கும் உண்டு என்றார் ஒபாமா. மறுநாள் புளோரிடாவில் செய்தியாளர்கள் மடக்கியபோது, உரிமையைப் பற்றித்தான் பேசினேன், அங்கே கட்டுவது உசிதமா என்பதைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை என்றார். ஓர் இரவுக்குள் அழுத்தமான வாக்கியம் நிபந்தனை வாக்கியமாகிவிட்டது.

ஆகஸ்ட் 19 அன்று இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ஒன்று, அசோசியேட்டட் பிரஸ் தன் செய்தியாளர்களுக்கு அனுப்பிய குறிப்பு: 'கிரவுண்ட் ஸீரோ மசூதி' என்று எழுதாதீர்கள். மற்றொன்று, பியூ மையத்தின் ஆய்வு: அதிபர் முஸ்லிம் என்று நம்பும் அமெரிக்கர்கள் 2009-இல் 11 விழுக்காடு, இப்போது 18, கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 34, தெரியாது என்றவர்கள் 43. இந்தக் கணக்கெடுப்பு இஃப்தார் பேச்சுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பதைப் பல தலைப்புச் செய்திகள் சொல்லாமல் விட்டன. அதாவது, அவர் ஒன்றும் சொல்லாதபோதே எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு நவம்பர் இந்தியப் பயணத்தில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போகும் யோசனை இருந்தது, பின்பு கைவிடப்பட்டது. ஏற்பாட்டுச் சிக்கல் என்றார்கள் அதிகாரிகள். கோயிலுக்குள் தலையை மூடித்தான் போக வேண்டும், அந்தப் படம் அமெரிக்காவில் எப்படிப் பயன்படும் என்ற கவலையே காரணம் என்று எழுதின பத்திரிகைகள். சீக்கியர் தலைத்துணிக்கும் முஸ்லிம் தொப்பிக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பார்வையாளருக்குப் பயந்து, உலகின் பெரிய ஆட்சியாளர் பயணத்தை வளைக்க வேண்டியிருந்தது என்பது உண்மையானால், ஊடகச் சித்திரிப்பின் அதிகாரத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. அதே பயணத்தில் இந்தியாவுக்கு அடுத்து ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசலுக்கு மனைவியுடன் காலணி கழற்றிப் போனார். மிஷேல் தலையில் முக்காடு இட்டிருந்தார். அது இந்தோனேசிய மண். அங்கே அது ராஜதந்திரம்.

வெட்டி ஒட்டும் வேலையும் நடந்தது. 2012 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபையில், நபிகளை இழிவுபடுத்துவோருக்கு எதிர்காலம் உரியதாகக் கூடாது என்றவர், அடுத்த மூச்சிலேயே, அந்த இழிவைக் கண்டிப்பவர்கள் ஏசுவின் உருவம் அவமதிக்கப்படுவதையும் தேவாலயங்கள் இடிக்கப்படுவதையும் கண்டித்தால்தான் அதற்கு மதிப்பு என்று சேர்த்தார். இணையத்தில் ஓடியது முதல் வாக்கியம் மட்டும்.

ஏமனில் ஒரு செய்தியாளர்

இப்போது மறுபக்கம். ஒபாமா பதவியேற்ற மூன்றாம் நாளே பாகிஸ்தான் பழங்குடிப் பகுதியில் டிரோன் தாக்குதல் நடந்தது. 2010-இல் மட்டும் அங்கே 120-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள். குவான்டனாமோ சிறையை ஓராண்டில் மூடுவதாக இட்ட ஆணையும் நிறைவேறவில்லை. நாடாளுமன்றம் குறுக்கே நின்றது ஒரு காரணம். அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது 41 பேர் இன்னும் உள்ளே இருந்தார்கள்.

2009 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் நோபல் அமைதிப் பரிசு உரை. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 17 அன்று, ஏமனின் அல் மஜாலா என்ற குக்கிராமத்தில் குண்டு விழுந்தது. 41 பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் குழந்தைகள். தாக்கியது எங்கள் விமானப்படை என்றது ஏமன் அரசு. அப்துல் இலாஹ் ஹைதர் ஷாயி என்ற ஏமன் செய்தியாளர் நேரில் போய்ப் பார்த்து, கிடப்பவை அமெரிக்க ஏவுகணைத் துண்டுகள் என்று எழுதினார். 2010 ஜூனில் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட படங்கள் அதை உறுதிப்படுத்தின. ஆண்டு இறுதியில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட தூதரகக் குறிப்பில், குண்டுகள் எங்களுடையவை என்றே தொடர்ந்து சொல்வோம் என்று ஏமன் அதிபர் சாலே அமெரிக்கத் தளபதியிடம் உறுதி கூறியது பதிவாகியிருந்தது.

ஷாயியைக் கைது செய்து, அல் காய்தாவுக்கு உதவினார் என்று 2011 ஜனவரியில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். நாட்டில் எதிர்ப்புக் கிளம்பவே சாலே மன்னிப்பு அளிக்கத் தயாரானார். பிப்ரவரி 2 அன்று ஒபாமா சாலேயிடம் தொலைபேசியில் பேசினார். ஷாயியின் விடுதலை குறித்துக் கவலை தெரிவித்தார் என்று வெள்ளை மாளிகைக் குறிப்பே சொல்கிறது. மன்னிப்பு நின்றுபோனது. அவர் வெளியே வந்தது 2013 ஜூலையில்.

கெய்ரோவில் மக்கள் குரலைப் பற்றிப் பேசியவருக்கும் இந்தத் தொலைபேசி அழைப்புக்கும் உள்ள தூரத்தை அரபு நாளேடுகளும் மனித உரிமை அமைப்புகளும் அளந்தன. அமெரிக்காவில் ஒரு சில புலனாய்வுச் செய்தியாளர்கள் எழுதினார்கள். பெரிய அலைவரிசைகள் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. அந்த வசந்தத்தில் அவை தொட்டது, ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவில்லை என்ற இன்னொரு வதந்தியால் கேள்விக்குள்ளான அதிபரின் பிறப்புச் சான்றிதழை. ஏப்ரல் 27 அன்று ஒபாமா அதன் முழு வடிவத்தை வெளியிட வேண்டியதாயிற்று. டிரோன் தாக்குதல்கள் குறித்து அரசு தானாகத் தொகுத்த எண்ணிக்கை வந்தது 2016 ஜூலையில்தான்: போர்க்களங்களுக்கு வெளியே 2009 முதல் 2015 வரை 473 தாக்குதல்கள், உயிரிழந்த பொதுமக்கள் 64 முதல் 116 வரை. சுதந்திர அமைப்புகள் சொன்ன எண்ணிக்கை இதைவிட மிக அதிகம்.

ஒபாமாவை ரகசிய முஸ்லிம் என்றவர்களுக்கு அல் மஜாலா பயன்படாது. அவர்களுடைய கதையில் அது பொருந்தாது. அவரைக் கெய்ரோ நாயகனாகக் கொண்டாடியவர்களுக்கும் அது இடைஞ்சல். எதிரெதிரான இரண்டு சித்திரிப்புகளும் சேர்ந்து மறைத்த இடம் அது.

பால்டிமோர்

2015 செப்டம்பரில் சி.என்.என். கருத்துக் கணிப்பு ஒன்றில் 29 விழுக்காட்டினர் ஒபாமா முஸ்லிம் என்றனர். டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரு முஸ்லிம் தம்பதி சுட்டதில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்து, முஸ்லிம்கள் நாட்டுக்குள் நுழைவதையே முழுமையாகத் தடுக்க வேண்டும் என்றார் வேட்பாளர் டொனால்ட் டிரம்ப். இதற்குப் பிறகுதான், 2016 பிப்ரவரி 3 அன்று, பால்டிமோர் இஸ்லாமியச் சங்கத்தின் பள்ளிவாசலுக்கு ஒபாமா போனார். இனி தேர்தலில் நிற்க வேண்டியதில்லை என்பதும் அவருக்கு உதவியிருக்கும். ஜெபர்சனையும் அவர் எதிரிகள் முஸ்லிம் என்றார்கள், ஆக நான் முதல் ஆள் இல்லை என்று சிரித்தார். தேசப் பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத முஸ்லிம் பாத்திரங்கள் நம் தொலைக்காட்சியில் வர வேண்டும் என்றார். எட்டாண்டு முன்பு டெட்ராய்ட்டில் மேடைப் பின்னணியிலிருந்து ஒதுக்கப்பட்ட முக்காடுகள், இங்கே கேமராவுக்கு நேராக வரிசையாக அமர்ந்திருந்தன.

அதே பிப்ரவரியின் 18-ஆம் நாள், ஒபாமாவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு பட்டியலை நீட்டியது. சான் பெர்னார்டினோவுக்குப் பின் நாடாளுமன்றம் இயற்றி ஒபாமா கையெழுத்திட்ட சட்டப்படி, இராக், சிரியா, ஈரான், சூடான் நாடுகளுக்குப் போய்வந்தவர்களோ, அந்நாட்டு இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களோ விசா இல்லாமல் அமெரிக்கா வரும் சலுகையை இழந்தார்கள். பயணத்தைப் பொறுத்தமட்டில் லிபியா, சோமாலியா, ஏமன் மூன்றும் இப்போது சேர்க்கப்பட்டன. அவர்கள் விசா வாங்கி வரத் தடையில்லை. பள்ளிவாசல் வருகைக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த அறிவிப்புக்குச் செய்திகளில் கிடைக்கவில்லை என்றே சொல்லலாம்.

2017 ஜனவரி 27 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த பயணத் தடை ஆணை, பெரும்பாலான நாடுகளின் பெயரைக்கூட எழுதாமல், மேற்படிச் சட்டப் பிரிவின் எண்ணைச் சுட்டியே அந்த ஏழு நாட்டவருக்கும் கதவடைத்தது. இது ஒபாமா நிர்வாகம் ஏற்கெனவே அடையாளம் காட்டிய நாடுகள்தான் என்று இரண்டு நாளில் டிரம்பின் அறிக்கை சொன்னது. அவருடைய ஆட்கள் அலைவரிசை அலைவரிசையாக அதையே திருப்பிச் சொன்னார்கள். மறுநாள், பதவிக்காலம் முடிந்த பத்தாம் நாள், ஒபாமாவின் செய்தித் தொடர்பாளர் பதில் அறிக்கை விட்டார்: மதத்தின் அடிப்படையில் மனிதர்களைப் பாகுபடுத்துவதை முன்னாள் அதிபர் அடிப்படையிலேயே ஏற்கவில்லை, இரண்டு கொள்கைகளையும் ஒன்றென்று சொல்வது குறித்து, அவர் அதிபராக இருந்தபோது பேசிய வெளியுறவு உரைகளைப் படித்துப் பார்க்கலாம்.